காதலும் கொலையும் கலந்த நாவல்: பதினஞ்சு வயசுக்கு எது?

கேள்வி:
அக்கா மகளுக்குப் பதினஞ்சு வயசு. இங்கிலீஷ்ல காதலும் சஸ்பென்ஸும் சேர்ந்த நாவல்தான் வேணுமாம். காதல் வந்ததும் துப்பறியறது படுத்துடாத புத்தகம் ஒண்ணு சொல்லுங்களேன்.

பதில் 1:
ஹாலி ஜாக்சனோட ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ (2019). கண்ணை மூடிட்டு வாங்கிக் குடுங்க. இங்கிலாந்துல ஒரு சின்ன ஊர். போலீஸ் மூடிட்ட கொலை வழக்கை பிப்ங்கிற பொண்ணு பள்ளிக்கூட புராஜெக்டா எடுத்துக் கிளறுறா. கொலைகாரன்னு ஊரே முடிவு கட்டின பையனோட தம்பி ரவிதான் கூட்டாளி. அண்ணன் மேல விழுந்த பழி நீங்கணும்ங்கிற தவிப்பு அவனுக்கு. அதனால காதல் தனியா ஒட்டவெச்ச மாதிரி இல்ல. ஒவ்வொரு தடயத்தோடயும் கொஞ்சம் கொஞ்சமா வளருது. பேட்டிகளும் பிப் எழுதற குறிப்புகளும் நடுநடுவுல அப்படியே வரும், நாமளும் கூடவே சந்தேகப்படலாம்.

பதில் 2:
கேரன் மெக்மனஸோட ‘ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்’ (2017) எப்படி?

பதில் 1:
அதுவும் நல்லாருக்கும். கொலைச் சந்தேகத்துல மாட்டின நாலு பேரும் மாறி மாறிக் கதை சொல்வாங்க. ப்ரான்வின், நேட் காதலை எல்லாரும் கொண்டாடறாங்க. எனக்குப் பிடிச்சது அந்த நாலு பேர்ல இன்னொருத்தி, ஆடிதான். காதலன் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனவ, அவன் விலகினதும் தனக்குன்னு யோசிக்க ஆரம்பிக்கிறா பாருங்க, இந்த வயசுப் பொண்ணுங்க அதைப் படிக்கணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. பிப் கதை மூணு பாகமாமே, மொத்தமா வாங்கிடவா?

பதில் 1:
முதல் ரெண்டு போதும். மூணாவதுல வன்முறை ஜாஸ்தி, நீங்க படிச்சுட்டு அப்புறம் குடுங்க.