கூத்துமாடம் பார்க்க அப்பாவோடு ஷொர்ணூர் போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையான்:

வணக்கம். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பாவுக்கு எழுபது வயது, கம்பராமாயணம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஷொர்ணூர்ப் பக்கம் பகவதி காவுகளில், அதாவது அம்மன் கோயில்களில், கூத்துமாடம் என்று பழைய தோல்பாவை நிழற்கூத்து அரங்குகள் இருக்கின்றன, அங்கே ராத்திரி முழுக்கக் கம்பன் பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்று ஒரு உறவுக்காரர் சொன்னதிலிருந்து தினமும் எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று எனக்கும் வருத்தமாக இருக்கிறது. எந்த மாதம் போனால் கூத்து நடக்கும்? வயதானவரைக் கூட்டிப் போகலாமா? ஒரு பகல் கையில் இருந்தால் அந்த ஊரைச் சுற்றி என்ன பார்க்கலாம்?

நிளைக்கரை:

தம்பி, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஒற்றப்பாலத்தில் ரொம்ப வருடம் வேலை பார்த்தவன், கூத்துக் காலம் வந்தால் வாரம் ஒரு ராத்திரியாவது ஏதாவது ஒரு காவில் இருப்பேன்.

சினிமாக் கொட்டகை மாதிரி நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, பல ராத்திரி நடுச்சாமத்துக்கு மேல் எதிரே ஒரு ஆள்கூட இருக்காது. ஆனாலும் கூத்து நிற்காது, ஏனென்றால் பார்ப்பவள் பகவதி. தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பத்ரகாளியால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அந்தக் குறை தீர அவளுக்காக நடத்துவது என்பது ஐதீகம். அதனால்தான் மாடத்தைக் கோயிலுக்கு வெளியே, அவள் சன்னிதியைப் பார்த்தபடி கட்டியிருக்கிறார்கள். நீளமான கட்டடம், பெரிய மாடங்கள் 42 அடி வரும். பகலில் பார்த்தால் காலியாகக் கிடக்கிற வண்டிக்கொட்டகை மாதிரிதான் இருக்கும், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். ராத்திரி வாருங்கள். முன்பக்கம் முழுக்க, மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் துணி கட்டுவார்கள். கோயிலிலிருந்து வெளிச்சப்பாடு, அதாவது பகவதி அருள் வந்து ஆடுகிறவர், வந்து அனுக்கிரகம் செய்வார், சன்னிதித் தீ மாடத்துக்கு வரும். துணிக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கை வரிசையாக ஏற்றுவார்கள். சுடர் ஒவ்வொரு தரம் அசையும்போதும் துணியில் முள்ளால் குத்தி நிறுத்தியிருக்கிற தோல்பாவை மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மின்சார விளக்கில் நடத்துகிற மேடைக் கூத்தில் இது வராது.

கதைக்கு முன்னால் பட்டர் பாவைகள் வரும். ஆமாம், நம் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்கள், அந்தப் பட்டர்களேதான். குடுமியும் பூணூலுமாக வந்து துதி பாடி, அன்றைய கூத்துக்குக் காணிக்கை கொடுத்த வீட்டாரை வாழ்த்துவார்கள். அப்புறம்தான் ராமாயணம். பாட்டு கம்பனுடைய தமிழ், விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு இலக்கணம், சாத்திரம், வேறு புராணம் என்று வெகுநேரம் போவார்கள், திரையில் இருக்கிற பாவைகள் அசையாமல் அப்படியே நிற்கும். நிறையப் பேருக்கு இந்த இடத்தில்தான் தூக்கம் வரும், உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு இங்கேதான் விழிப்பு வரும். உச்சரிப்பு முதல் ஒரு மணி நேரம் பிடிபடாது. தலைமுறை தலைமுறையாக மலையாளம் பேசுகிற வாயில் வந்த தமிழ் அது. பிடிபட்டதும், நமக்குத் தெரிந்த பாட்டு நடு ராத்திரி ஒரு மலையாள நாட்டுக் காவில் இருட்டுக்குள்ளிருந்து வரும்போது எனக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது.

காலம், அறுவடை முடிந்த பிறகு, அவர்கள் கணக்கில் மகரம் முதல் மேடம் வரை, நமக்குத் தை முதல் சித்திரை. காவைப் பொறுத்து 7 நாள், 14 நாள், 21 நாள் என்று நடக்கும். 21 நாள் கூத்தில் பெரும்பாலும் பஞ்சவடியில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடிப்பார்கள். ஷொர்ணூர் பக்கத்துக் கவளப்பாறை ஆரியங்காவு பகவதி கோயிலில் 21 நாள். ஒரே ராத்திரிதான் முடியும் என்றால் யுத்த காண்டம் வருகிற கடைசி நாட்களில் போங்கள். குங்கிலியப் பொடியைத் தீயில் வீசும்போது திரை முழுக்கக் குப்பென்று வெளிச்சம் பரவும், அதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.

வாளையார் வாசி:

நிளைக்கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஆரியங்காவு என்று மட்டும் தேடினால் செங்கோட்டை தாண்டி, புனலூர் பாதையில் இருக்கிற ஐயப்பன் கோயில் ஊரைக் காட்டும். அது கொல்லம் மாவட்டம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அறை வரைக்கும் அங்கே பதிவு செய்துவிட்டார்கள். கவளப்பாறை என்று சேர்த்துத் தேடுங்கள், இறங்க வேண்டியது ஷொர்ணூர் ஜங்ஷன்.

தறிக்காரர் மகள்:

தம்பி, அப்பாவை ராத்திரி முழுக்க உட்கார வைப்பதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்திலும் விடியற்காலை பனி இறங்கும், தரையில் பாய்தான். நான் என் மாமனாரைக் கூட்டிப் போனபோது முதல் நாள் பகலில் கூனத்தறைக்குப் போனோம், ஷொர்ணூர் பக்கத்திலேயே இருக்கிறது. பாவைக்கூத்துக் கலைஞர் கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பத்தார் அங்கே பாவைக்கூத்து மையம் வைத்திருக்கிறார்கள், அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் பாவைகளைப் பக்கத்தில் பார்க்கலாம். மான் தோலில் செய்த பழைய பாவைகளின் துளை வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அருமை தெரியும், காவில் நமக்குக் கிடைப்பது நிழல் மட்டும்தானே. இப்போது அங்கே பெண்களே நடத்துகிற குழுவும் இருக்கிறது, எனக்கு அதில் பெரிய சந்தோஷம். இதை முதலில் பார்த்துவிட்டு ராத்திரி காவுக்குப் போனதால் மாமனார் பாதி ராத்திரிக்கு மேலும் எழுந்து வரமாட்டேன் என்றார். போர்வை, பிளாஸ்கில் சுக்குக் காப்பி, முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், மாடத்துக்குள் நீங்களாக ஏறாதீர்கள்.

நிளைக்கரை:

அக்கா சொல்வது சரி, கூனத்தறையை நான் விட்டுவிட்டேன். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள், காவு ராத்திரிதான் முக்கியம்.

பகலுக்கு: ஷொர்ணூரில் பாரதப்புழைப் பாலத்தைத் தாண்டினால் செறுதுருத்தி, திருச்சூர் மாவட்டம் ஆகிவிடும். மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930இல் தொடங்கிய கலைப்பள்ளியான கலாமண்டலம் அங்கே. வார நாட்களில் காலையில் போனால் கதகளி, மிழாவு என்கிற முழவு, கூடியாட்டம் என்கிற சமஸ்கிருத நாடகம், இவற்றின் வகுப்புகளைப் பார்க்கலாம், உள்ளே ஒரு கூத்தம்பலமும் இருக்கிறது. கூத்தம்பலம் வேறு, கூத்துமாடம் வேறு. கூத்தம்பலம் என்பது சாத்திர முறைப்படி மரவேலையோடு கட்டுகிற சமஸ்கிருத நாடக அரங்கு. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. பாலத்தருகே பழைய கொச்சிப் பாலத்தின் உடைந்த மிச்சம் ஆற்றுக்குள் நிற்பதையும் பாருங்கள். கொச்சிக்கு ரயில் கொண்டுவரப் பணம் இல்லாமல் மகாராஜா கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று அங்கே டீக்கடையில்கூடச் சொல்வார்கள். பொழுது மீந்தால் நிலம்பூர் ரயிலில் ஏறிவிடுங்கள், 66 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் மரநிழல்.

கொழிஞ்சாம்பாறையான்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பட்டர் பாவை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாசிக் கடைசியில் போவதாக முடிவு. ஆழியாற்றுத் தண்ணீர் நம் சித்தூர்ப் புழையாக வந்து, பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து, பாரதப்புழையாக அந்த ஷொர்ணூர்ப் பாலத்துக்கு அடியில்தான் போகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இப்போது பழைய கம்பராமாயணப் புத்தகத்தை எடுத்து யுத்த காண்டத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

வாளையார் வாசி:

அந்தப் புத்தகத்தைக் காவுக்கும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு டார்ச்சும்.