நகவெட்டியோடு வந்த அண்ணன்

நான் கிறிஸ்தவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் 19 நாள் இருந்தோம். மருந்து, ஊசி, பிசியோதெரபி எல்லாம் வேளாவேளைக்கு நடந்தது. கால் நகம் வளர்ந்துகொண்டே போனதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும்தான். தடித்துக் கறுத்துப்போய்ப் போர்வையில் மாட்ட ஆரம்பித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அறுபதைத் தாண்டிய ஒருவர் பிளாஸ்டிக் பேசினும் மஞ்சப்பையுமாக வந்து நின்றார். "தம்பி, ஐயாவுக்கு நகம் வெட்டிவிடட்டுமா? நர்சம்மாகிட்ட கேட்டுட்டேன்." எவ்வளவு என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல." சட்டைப்பையில் குட்டிப் புதிய ஏற்பாடு எட்டிப் பார்த்தது. சரி, பத்து நகம் முடிவதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊறவைத்தார். ஊறிய நகத்தை மூலை தோண்டாமல் நேராக வெட்டினார். குதிகால் காய்ப்பைக் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் போவதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்றதும், விரலிடுக்கில் எண்ணெய் படாமல் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். அப்பா தூங்கியே போனார். ஜெபம் வரவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுவாரம் நானே கேட்டேன், இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று.

அவருடைய அம்மாவுக்குத் தொழுநோய். திண்ணையில்தான் சாப்பாடு, தட்டு தனி. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வேலூரில் வேலை செய்த பால் பிராண்ட் என்ற டாக்டர் அதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டிருந்தார். விரலை நோய் தின்பதில்லை. மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது. வலிக்காததால் அதே காலை ஊன்றி நடந்து நடந்து, அந்தப் புண்தான் விரலைக் கொண்டுபோகிறது. ஆகவே தினமும் பாதத்தைப் பார்ப்பது, ஊறவைப்பது, காய்ப்பு தேய்ப்பது, எண்ணெய் போடுவது, மெத்தென்ற ரப்பர் செருப்பு எல்லாமே வைத்தியத்தில் சேர்த்தி.

"ஊரே தொடாத காலை ஒரு அக்கா மடியில வச்சுத் தேச்சாங்க தம்பி. நான் கதவோரம் நின்னு பார்த்தேன். எட்டு வயசு. அதுவரைக்கும் நானே எங்கம்மா காலைத் தொட்டதில்ல."

பஸ் கண்டக்டராக ஓய்வு பெற்றவர். "பெரிய வியாழன் அன்னிக்குக் கோயில்ல பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவாங்க. எல்லாரும் வீட்டுலயே சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வந்து உட்காருவாங்க," என்று சிரித்தார். "நான் கழுவாத காலாத் தேடி வர்றேன்."

பதில்:

கால் என்றதும் ஞாபகம் வந்தது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு (ஆகஸ்ட் 29) திருச்சியிலிருந்து நடந்து போனோம். தஞ்சாவூர் தாண்டியதும் எனக்கு இரண்டு பாதத்திலும் கொப்புளம். ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலில் அண்டா நிறைய வெந்நீர் வைத்து, போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. நான் கொப்புளத்தை உடைக்கப் போக, கையில் ஒரு அடி. உடைக்காமல் துணி சுற்றிவிட்டார். மாதாவுக்கு ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்டேன். "நாங்க பெந்தெகொஸ்தேப்பா. மாதாகிட்ட வேண்டிக்க மாட்டோம். அதுக்காக உன் கால் வலிக்காமலா இருக்கு?"

இன்னொரு பதில்:

உதவ வருகிறவர்களில், காட்டிக்கொள்ள வருகிறவர்கள், சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறவர்கள் என்று நான் பார்த்தது இரண்டு வகையும். 2023 டிசம்பர் வெள்ளம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வாரம். நாங்கள் அதே தூத்துக்குடி மாவட்டம்தான். எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது பேனர். அதில் ஒரு வசனமும் மூன்று முகங்களும். பாட்டியிடம் அரிசிப் பையைக் கொடுத்தார்கள், போட்டோ சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்பதை அவர்களும் படித்துத்தான் இருப்பார்கள். அரிசி நல்ல அரிசி, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நாலு பெண்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாக வந்தார்கள். கழுத்தில் ஜெபமாலை, கடற்கரைப் பேச்சு. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்து இறங்கியிருந்தது. முழங்கால் அளவு சேறு. வாசலை விட்டுவிட்டுக் கக்கூஸிலிருந்து ஆரம்பித்தார்கள். பாட்டிக்குக் கூச்சம், "ஐயோ, அதை நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க யாரு பிள்ளைகளா, எந்த ஊரு?" என்று பின்னாலேயே போனார்.

"அதெல்லாம் பொறவு சொல்லுதோம் பாட்டி. பினாயில் இருக்கா?"