கண்மாய்க்கரையில் மக்கர் பண்ணிய பழைய வண்டிகள்: உங்க அனுபவம் என்ன?

பொட்டல்வெளி:
திருமயம் பக்கம் கண்மாய்க்கரை, பழைய ஹீரோ இம்பல்ஸ் பைக், பின் டயர் சப்பை. சீமைக்கருவேல முள்தான், வேறென்ன. பேட்ச் போட்டுக் கிளம்பினா கொஞ்ச தூரத்துல மறுபடி இறங்குது. ஒட்டுன இடம் கெட்டியா இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே புது ஓட்டை. முள் டயர் மட்டத்தோட ஒடிஞ்சிருக்கு, வெளியே ஒண்ணுமே தெரியல. டயர் உள்பக்கம் பருத்தித் துணியைச் சுத்தி இழுத்தப்போ ஓரிடத்துல நூல் மாட்டி நின்னுச்சு பாருங்க! அரிசி அளவுகூட இல்லாத நுனி. அதை மூக்குக் குறடால உள்பக்கமா இழுத்த பிறகுதான் காத்து தங்குச்சு.

செம்பூரான்:
கண்டனூர்ப் பக்கம் பார்த்தது வேற. நல்லா ஓடுற வண்டி பெட்ரோல் தீர்ந்த மாதிரி திணறி நின்னுரும். சித்த நேரம் விட்டா ஸ்டார்ட் ஆகும், அப்புறம் மறுபடி. பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர் கப்பைக் கழட்டியாச்சு, சுத்தமாத்தான் இருக்கு. டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்'னு காத்தை இழுத்துச்சு. மூடியோட மூச்சுத் துளையில செம்மண் இறுகிக் கிடந்தது. உள்ளே காத்துப் போகாட்டி பெட்ரோல் கீழே இறங்காது. இந்த வண்டியில பம்ப் கிடையாது, தானா வழிஞ்சுதான் வரணும். கேபிள் இழை ஒண்ணை விட்டுக் குத்தி ஊதினதும் சரி.

தேவகோட்டை கிக்கர்:
செம்பூரான் அண்ணே, எல்லாரும் மூடியோட நிறுத்திடறாங்க. குன்றக்குடி பக்கம் ஒரு வண்டி, மூடியைத் தளர்த்தி ஓட்டியும் சூடானா நின்னுச்சு. நின்ன உடனே பிளக்கைக் கழட்டி, பிளக் தொப்பியில மாட்டி, பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி இன்ஜின் உலோகத்துல ஒட்டி வெச்சுச் சுத்தினா பொறியே இல்ல. ஆறினதும் நீலப் பொறி! பிக்கப் காயில், அதான் பொறி விழற நேரத்தைச் சொல்ற காயில், சூட்டுல விட்டுப் போகுது, ஆறினா சேருது. ஆறின பிறகு சோதிச்சா எல்லாம் சரியாத்தான் தெரியும்.

கோட்டையூரான்:
முதல்ல சொன்னவருக்கு: டியூப்ல சீலன்ட், அதான் ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம், ஊத்தியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

வல்கனைசிங்:
கோட்டையூரான் தம்பி, டியூப்ல அது பாதிதான் கேக்கும். நேரா இறங்குற முள்ளுக்குச் சரி, டியூப் கிழிஞ்சா நிக்காது. அப்புறம் அந்தப் பிசுக்கு மேல பேட்ச் ஒட்டுற சொலூஷனும் பிடிக்காது. பள்ளத்தூர் பக்கம் ஒரு வண்டியைத் தள்ளிக்கிட்டே போக வேண்டியதாச்சு.

கேக்காட்டியும் பஞ்சர் ஒட்டுற முறையைச் சொல்றேன். வால்வு கோரை (வால்வுக்குள்ள இருக்கற சின்ன ஊசி) கழட்டி முழுக் காத்தையும் விடுங்க. டயர் விளிம்பை ரிம்மோட நடுப்பள்ளத்துல மிதிச்சு இறக்கினாத்தான் எதிர்ப்பக்கம் டயர் நெம்புற லிவர் சுலபமா ஏறும். பலம் போட்டு நெம்பினா லிவரே டியூபைக் கடிச்சிரும். டியூப்ல ஓட்டையைச் சுத்தி உப்புத்தாள்ல தேய்ச்சு, சொலூஷனை மெல்லிசாத் தடவி, கையில ஒட்டாத பதம் வர்ற வரைக்கும், சுமார் 5 நிமிஷம், காய விடுங்க. ஈரத்தோட ஒட்டினா ஓட்டச் சூட்டுல பேட்ச் நகர்ந்துரும். டியூபுக்குக் கொஞ்சம் காத்துக் கொடுத்து உள்ளே விட்டா முறுக்கு விழாது. டயரை ஏத்தி முடிக்கிற இடம் வால்வு பக்கமா இருக்கட்டும், வால்வை ஒருதரம் உள்ளே தள்ளிப் பார்த்துட்டு முடிங்க. வால்வு நட்டை ரிம்மோட சேர்த்து இறுக்கவே கூடாது, மூடிப் பக்கமா ஏத்தி விடுங்க. காத்து கம்மியா இருக்கறப்போ டயர் ரிம்மில நகரும்; நட்டு தளர்வா இருந்தா வால்வு சாயறது கண்ணுக்குத் தெரியும். இறுக்கியிருந்தா வேரோட அறுந்துரும், அங்கே பேட்ச் போட வழியே கிடையாது.