புதுப்பிப்பு: கறுத்துப்போன என் கார்பீன் குடுவை

சென்ற முறை புலம்பியிருந்தேன்: பல்லேடியம் கார்பீன் அணைவை (பல்லேடியம் உலோகத்தை கார்பீன் என்ற கரிம மூலக்கூறு பற்றி நிற்கும் சேர்மம்) வினையூக்கியாக வைத்துச் செய்த சுசுகி இணைப்பில் (இரு கரிமத் துண்டுகளை ஒட்டவைக்கும் வினை) மூலப்பொருளான அரைல் குளோரைடு (பென்சீன் போன்ற வளையத்தில் குளோரின் ஒட்டியது) பாதிகூடத் தீரவில்லை, குடுவையோ கறுத்துவிட்டது, கார்பீன் லேசில் கழலாது என்றார்களே, பிறகு ஏன் இப்படி என்று. விடை கிடைத்துவிட்டது.

முதலில் ஒரு துளி பாதரசம் விட்டுப் பார்த்தேன்; பாதரசம் உலோகத் துகளைப் பிடித்து முடக்கிவிடும். வினை நின்றது. உலோகத் துகள்தான் வினையூக்கி என்று துள்ளிக் குதிக்க இருந்தேன். ஆனால் கரைந்திருக்கும் சில பல்லேடியம் அணைவுகளையும் பாதரசம் தின்றுவிடும். ஆகவே அந்தச் சாட்சியம் செல்லாது. (இதை நம்பி எத்தனை பேர் முடிவெழுதினார்களோ!)

காட்டிக்கொடுத்தது, அயனிகளின் நிறையைக் காட்டும் நிறை நிறமாலைதான். அதில் கார்பீனோடு அரைல் தொகுதியும் ஒட்டிய இமிடசோலியம் அயனி தெரிந்தது. கார்பீன் தனியாகக் கழன்று ஓடவில்லை. அதே பல்லேடியத்தில் பக்கத்தில் இருந்த அரைலோடு பிணைந்து, ஒடுக்க நீக்கம் என்ற படியில் இரண்டும் சேர்ந்தே உலோகத்தை விட்டு வெளியேறியிருக்கின்றன. தன்னைப் பற்றி நின்ற ஈனியை, அதாவது கார்பீனை, இழந்த பல்லேடியம் அணுக்கள் திரண்டு கரும்பொடியாகிவிட்டன.

நைட்ரஜனில் மெத்தில் இருந்த கார்பீனை விட்டுவிட்டு, 2,6-டைஐசோபுரோப்பைல்ஃபீனைல் என்ற பெரிய தொகுதி தாங்கிய பருத்த கார்பீனுக்கு மாறினேன்; வெப்பநிலையையும் குறைத்தேன். இப்போது குளோரைடு முழுவதும் தீர்கிறது, கருமையும் இல்லை. இரண்டில் எது காப்பாற்றியது என்று பிரித்துப் பார்க்க, அடுத்து பழைய வெப்பநிலையிலேயே ஒரு முறை ஓட்டப்போகிறேன்.