கோர்ட் தீர்ப்பு இருந்தும் மகளை என் வரிக்கணக்கில் காட்ட முடியவில்லை

கேள்வி:
நியூ ஜெர்சி. 2021-ல் விவாகரத்து. 9 வயது மகள், பெரும்பாலும் அம்மா வீட்டில். ஒற்றைப்படை வருடங்களில் நான், இரட்டைப்படையில் அவர் மகளைக் காட்டலாம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025-க்கு ஈ-ஃபைல் செய்தேன். மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே வேறொரு ரிட்டர்னில் இருப்பதாகத் திருப்பிவிட்டார்கள். தீர்ப்பின் நகலை வைத்துத் தபாலில் அனுப்பினால் போதுமா? ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் (பிள்ளையை வைத்துத் தனியாகக் குடும்பம் நடத்துபவருக்கான வரிப்பிரிவு) போடலாமா?

பதில் 1:
போதாது. 2008-க்குப் பிந்தைய தீர்ப்பின் பக்கங்களை ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) 8332 படிவத்துக்குப் பதிலாக ஏற்பதில்லை. பிள்ளையைக் காட்டும் உரிமையைக் கஸ்டடி பெற்றோர் மற்றவருக்கு விட்டுத்தரும் படிவம் அது. அவர்கள் எண்ணுவது இரவுகளை. பிள்ளை வருடத்தில் யாரிடம் அதிக இரவுகள் தங்கியதோ அவரே கஸ்டடி பெற்றோர். சமமாக வந்தால் ஏஜிஐ (வரிக்கணக்கில் வரும் சரிசெய்த மொத்த வருமானம்) அதிகம் உள்ளவர். தோழி வீட்டிலோ கேம்ப்பிலோ தூங்கிய இரவு, அன்று யாரிடம் இருந்திருப்பாளோ அவர் கணக்கில் சேரும். உங்கள் விஷயத்தில் கஸ்டடி பெற்றோர் அம்மா. அவர் 8332-ன் முதல் பகுதியில் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் 2,200 டாலர் வரையிலான சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (பிள்ளைக்கான வரிச்சலுகை) உங்களுக்கு. இரண்டாம் பகுதி வரும் வருடங்களுக்கானது. தீர்ப்பு வருடம் மாற்றி வருவதால், ஒற்றைப்படை வருடம்தோறும் முதல் பகுதியை மட்டும் வாங்குவதே இருவருக்கும் நல்லது.

பதில் 2:
ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் உங்களுக்குக் கிடையாது. படிவம் கிடைத்தாலும் கிடையாது. 8332 மாற்றித் தருவது சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டை. பின்னாளில் மகள் கல்லூரிக்குப் போகும்போது படிப்புக்கான கிரெடிட்டும் அவளை டிபென்டென்டாக (தன்னைச் சார்ந்தவராக) காட்டுபவருக்கே. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், ஈஐடிசி (குறைந்த வருமானத்தில் உழைப்பவருக்கான கிரெடிட்), டே கேர் செலவுக்கான கிரெடிட் மூன்றும், தகுதி இருந்தால், அம்மாவிடமே இருக்கும். இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டால் எல்லாமே கைவிட்டுப் போகும் என்ற பயத்தில்தான் பலர் மறுக்கிறார்கள். 2025-க்கு வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகை சிங்கிளுக்கு 15,750 டாலர், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு 23,625. அந்த வித்தியாசம் அவரைவிட்டுப் போகாது.

கேட்டவர்:
நன்றி. அவர் ஏற்கெனவே ஃபைல் செய்துவிட்டாரே? கையெழுத்துப் போட மறுத்தால்?

பதில் 3:
சம்மதித்தால் அவர் 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) போட்டு அந்தக் கிரெடிட்டை மட்டும் நீக்கி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். நீங்கள் ஐஆர்எஸ் தளத்தில் ஐபி பின் (ரிட்டர்ன் உங்களுடையதுதான் என்று காட்டும் ரகசிய எண்) எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஃபைலிங் சீசனிலிருந்து, பிள்ளையின் எண் வேறு ரிட்டர்னில் இருந்தாலும் ஐபி பின்னோடு வரும் ஈ-ஃபைலை ஏற்கிறார்கள். 8332-ஐப் பிடிஎஃப்பாக இணைக்கலாம். சாஃப்ட்வேர் இடம் தராவிட்டால் 8453 படிவத்தோடு (ஈ-ஃபைலுக்கான தாள் இணைப்புகளை அனுப்பும் படிவம்) தபாலில்.

மறுத்தால் ஃபேமிலி கோர்ட்தான் வழி. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி மனு போடுங்கள். ஐஆர்எஸ் அந்த வழக்கில் தலையிடாது. படிவம் இல்லாமல் ஐபி பின்னை மட்டும் நம்பிக் காட்டினால் ரிட்டர்ன் உள்ளே போகும், பிறகு ஒரே பிள்ளையை இன்னொருவரும் காட்டியிருப்பதாகச் சொல்லும் சிபி87ஏ கடிதம் இருவருக்கும் வரும். ஆடிட்டில் இரவுக் கணக்கு உங்களைத் தோற்கடிக்கும்: கிரெடிட், வட்டி, அபராதம். விதியை அலட்சியம் செய்ததாக முடிவானால் 2 வருடம் அந்தக் கிரெடிட்டே கேட்க முடியாது.

அதுவரை ஏப்ரல் 15-ஐத் தவறவிடாதீர்கள். மகளைக் காட்டாமல் சிங்கிளாக ஃபைல் செய்து வரியைக் கட்டிவிடுங்கள். கையெழுத்து வந்ததும் 8332-ஐ வைத்து 1040-எக்ஸ் போடலாம், பொதுவாக 3 வருடத்துக்குள்.