மாருதி எஸ்டீம் காருக்கு வீட்டுலயே செஞ்ச கோல்ட் ஏர் இன்டேக் பெட்டி: நம்ம ஊரு வெயில்லயும் செம்மண்ணுலயும் ஒரு வருசம்

கோட்டையூர்லேருந்து எழுதுறேன். கோல்ட் ஏர் இன்டேக்னா எஞ்சின் அனல் கலக்காம வெளிக்காத்த எஞ்சினுக்குள்ள கொண்டு வர்ற வழி. என்னோடது 2004 எஸ்டீம், 1298 சிசி பெட்ரோல், அப்பா ஓட்டுன வண்டி, அதனால விக்க மனசு வரல. மொத வேலையா ஒரிஜினல் ஏர் பாக்ஸ, அதான் ஃபில்டர் இருக்குற பெட்டிய, கழட்டி வச்சிட்டு கூம்பு மாதிரி இருக்குற கோன் ஃபில்டர் ஒன்ன அப்படியே தொறந்தாப்புல மாட்டுனேன். சத்தம் கும்முனு வந்துச்சு, ஆனா மே மாசம் மத்தியானம் காரைக்குடி டவுனுக்குள்ள ஏசி போட்டு நின்னு நின்னு கெளம்புறப்ப வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற ஒயர் தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கி, முனைய கோன் பக்கத்துல கட்டி, டிஸ்ப்ளேய டேஷ்போர்டு மேல வச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா சுத்துனேன். வெளிய 38 டிகிரி, கோன் கிட்ட 64. ரேடியேட்டர் ஃபேன் தள்ளுற அனலத்தான் எஞ்சின் குடிச்சிருக்கு. காத்து சூடாக ஆக லேசாயிரும், நம்ம வெயிலுக்கு தோராயமா 3 டிகிரி கூடுனா அடர்த்தி 1 சதவீதம் குறையும்னு வச்சுக்கங்க, அப்ப 26 டிகிரின்னா எம்புட்டுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. நாக்கிங், அதான் பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு எஞ்சின் டக்டக்னு தட்டுறது, அது வர்ற வாய்ப்பும் கூடிரும்.

அதுக்கப்புறந்தான் பெட்டி செய்யணும்னு எறங்குனேன். அப்பா கணக்கு பாத்த பெரிய வீட்டுல முகப்புல நின்னா பின்கட்டு வாசல் வரைக்கும் நேர்கோட்டுல தெரியும், நடுவுல வளவு, காத்து ஒரு பக்கமா நுழையும், சூடு மேல போயிரும். அத நெனச்சுத்தான் காத்துக்கு வழி விட்டேன், ஹெட்லைட்டுக்குப் பின்னாடி கிரில் பக்கம் பெட்டியோட வாய், எஞ்சின் பக்கம் முழுச்சுவரு. முதல்ல பார்சல் அட்டைய வெட்டி வெட்டி வச்சுப் பாத்தேன், நாலு தடவ அட்டை வீணாச்சு, பரவால்ல, தகரம் வீணாகல. அட்டைய அச்சா வச்சு 1 மில்லி அலுமினிய ஷீட்டுல டிங்கரிங் பட்டறை அண்ணன்கிட்ட மடிச்சு வாங்குனேன், மூலைல பாப் ரிவெட்டு. மூடியோட விளிம்பு பூரா கார் டோர் பீடிங் ரப்பர் ஒட்டி, பானெட் மூடுறப்ப அதுவே அமுக்கி சீல் ஆகுற மாதிரி வச்சேன். இந்த வேலைல உசுரே அந்த சீலுதான், ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அனல் உள்ள வந்துரும். வாய் அளவுலயும் கஞ்சத்தனம் பண்ணாதீக, 6000 ஆர்பிஎம்ல இந்த எஞ்சின் நிமிசத்துக்கு 3000 லிட்டருக்கு மேல காத்து இழுக்கும், பைப்ப விட வாய் சின்னதா இருக்கவே கூடாது.

மாட்டுன பிறகு அதே ரோடு, அதே மத்தியான நேரம், கோன் கிட்ட 45 டிகிரி. திருமயம் ரோட்டுல ஓடுறப்ப வெளி வெயில விட ரெண்டு மூணு டிகிரிதான் கூட. ஏசியோட கெளம்புறப்ப இருந்த அந்த தொய்வு போயிருச்சு. மைலேஜ் ஒன்னும் மாறல, மாறும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீக.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். மூணு மாசம் கழிச்சு ஹோஸ கழட்டி, எஞ்சினுக்குப் போற காத்த தொறந்து மூடுற த்ராட்டில் பாடி வாய்க்குள்ள வெள்ள வேட்டித் துணிய விட்டு தொடச்சேன். துணில ஒரு பக்கம் மட்டும் செக்கச்செவேல்னு கோடு, விரல்ல வச்சு தேச்சா நறநறங்குது. மனசு கெதக்குன்னு ஆயிருச்சு. கோன் கழுத்து 70 மில்லி, நான் போட்ட பைப்பு 63 மில்லி, நடுவுல சைக்கிள் டியூப சுத்தி ஹோஸ் கிளிப்பு போட்டிருந்தேன், எஞ்சின் சூட்டுல டியூபு இளகி மடிஞ்சு ஒரு பக்கம் வழி விட்டுருச்சு. ஃபில்டருக்குப் பின்னாடி ஓட்டை, அப்புறம் ஃபில்டர் இருந்து என்ன இல்லாட்டி என்ன. நம்மூரு செம்புறாங்கல் புழுதி மாவு மாதிரி நைசு, பிஸ்டன் ரிங்க அரிச்சுரும். அன்னைக்கே சரியான அளவுல, ஒரு முனை பெருசா ஒரு முனை சிறுசா இருக்குற சிலிக்கோன் ரப்பர் குழாய் (ரெட்யூசர்) வாங்கிப் போட்டேன். இப்ப மாசம் ஒரு தடவ அதே வெள்ளத் துணி சோதனை, துணி சுத்தமா வந்தாத்தான் எனக்கு தூக்கம்.

இதுக்கு வந்த பதிலுக:

புதுவயல்லேருந்து: அண்ணே, எங்க ஊருல ரைஸ் மில்லு உமித்தூசி. எண்ணெ தடவுற காட்டன் கோனுல ரெண்டே வாரத்துல உமி அப்பி அடை மாதிரி ஆயிருச்சு, நானும் பெட்டி செஞ்சவன்தான், ஆனா உள்ள டிராக்டருக்கு வர்ற உருளை பேப்பர் ஃபில்டர வச்சுட்டேன். நைசான தூசிய பேப்பர் அளவுக்கு காட்டன் பிடிக்காதுண்ணே.

தேவகோட்டைலேருந்து: தம்பி, பெட்டி வாய எந்த உயரத்துல வச்சிருக்கீக? நான் இன்னும் குளிர்ச்சியா வரட்டும்னு பம்பருக்கு அடில பைப்ப எறக்கி வச்சேன். ஐப்பசி மழைல கண்மாய் நெறஞ்சு மறுகால் போயி ரோட்டுல முழங்காலுக்குக் கீழதான் தண்ணி, தாண்டிரலாம்னு விட்டேன். நடு ரோட்டுல டக்குனு ஒரே அடி, எஞ்சின் நின்னுருச்சு. சிலிண்டருக்குள்ள தண்ணி போனா அமுங்காதுல்ல, பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சுபோச்சு. எஞ்சின இறக்கி ஒரு மாசம் வேலை.

கோட்டையூர்: அண்ணே, நீங்க சொன்னதும் இப்பத்தான் டேப் எடுத்துட்டுப் போயி அளந்தேன், தரையிலேருந்து 61 சென்டிமீட்டர். பெட்டி அடில தண்ணி வடிய 6 மில்லி ஓட்டை ரெண்டு போட்டிருக்கேன். புதுவயல் தம்பி, அந்த டிராக்டர் ஃபில்டரோட உள்விட்டம் எம்புட்டுன்னு அளந்து சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கெழம அதுக்கு அட்டை வெட்டிரலாம்.