மயக்க மருந்தா, மரப்பு ஊசியா?

தண்ணீர்மலையான்:
ஞாயிற்றுக்கிழமை நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் அக்குபங்சர் எனும் சீன ஊசி மருத்துவம் பற்றிய சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். போகாமல் வீட்டில் துணி துவைத்திருக்கலாம். "1971இல் பெய்ஜிங்கில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு ஒரு துளி மயக்க மருந்து இல்லாமல், வெறும் ஊசிகளைக் குத்தியே வயிற்றைக் கிழித்துக் குடல்வாலை எடுத்தார்கள்" என்று பேச்சாளர் முழங்கினார். மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் முதல் கைதட்டு நம் ஜெலுத்தோங் ஆசிரியருடையது.

அந்தப் பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். நடந்ததை அவரே 1971 ஜூலை 26 இதழில் எழுதியிருக்கிறார். ஜைலோகெயினும் பென்சோகெயினும் ஏற்றி உடலின் நடுப்பகுதியை மரக்கச் செய்த பிறகுதான் கத்தி வைத்தார்கள். அக்குபங்சர் வந்தது அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் இரவில், வயிறு உப்பி அவர் புரண்டுகொண்டிருந்தபோது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயுமாக மூன்று ஊசிகள். கூடவே ஒரு மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார்கள். மொத்தம் 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் வயிறு தளர்ந்தது. அறுத்தது மருந்து கொடுத்து. ஊசி போட்டது வாயுவுக்கு. இரண்டையும் குழப்பி ஒரு கூட்டத்தையே ஏமாற்றலாமா?

ஜெலுத்தோங் ஆசிரியர்:
தம்பி, சின்சே, அதாவது சீன மரபு மருத்துவர், என்றாலே உங்களுக்கு ஏன் எரிகிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். போன வருடம் நான் வேப்பிலைச் சாறு பற்றி எழுதியபோதும் இதே ஆட்டம்தான் ஆடினீர்கள். ரெஸ்டன் மயங்கினாரா? இல்லை. நினைவு தப்பினால்தான் அது மயக்க மருந்து. உடம்பு மரத்துப்போனால் அது மரப்பு ஊசி. முப்பத்திரண்டு வருடம் தமிழ் கற்பித்தவன் சொல்கிறேன், பேச்சாளர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி.

தண்ணீர்மலையான்:
அற்புதம். "வெறும் ஊசிகளைக் குத்தியே" என்றாரே, அதுவும் சொல்லுக்குச் சொல் சரிதானா? ஒரே கேள்வி: கத்தி வைக்கும் முன் மருந்து ஏற்றினார்களா, இல்லையா?

பட்டர்வொர்த் மகள்:
அண்ணா, ஆசிரியர் ஐயா, 1971இல் நான் பிறக்கவே இல்லை. என் அம்மாவுக்கு எட்டு வருடமாக முழங்கால் வலி. மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். நான்கு மாதமாக ஆயர் ஈத்தாமில் ஒரு சின்சேயிடம் கூட்டிப் போகிறேன். பழைய கடைவீட்டின் மாடி. சின்சே பேசவே மாட்டார். உறையைக் கிழித்து ஊசியை எடுப்பார், முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்ப்பார், அம்மா "ஸ்" என்றதும் அந்த இடத்திலேயே குத்துவார். குத்திய ஊசியைத் திருகும்போது வலிக்கவில்லையாம், கால் கனத்துப் பாறாங்கல்லாகிறதாம். பிறகு ஊசியின் தலையில் ஒரு சிட்டிகை பஞ்சு போன்ற மூலிகையை வைத்துப் பற்ற வைப்பார். அறை முழுக்கப் புகை. திரும்பும்போது படகில் பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். அம்மா இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குகிறார். இதை எதில் சேர்ப்பது?

தண்ணீர்மலையான்:
தங்கச்சி, அம்மா நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். வலி குறையவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்றாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் ஆறு மாதத்துக்குப் பிறகு 47.6 விழுக்காட்டினர் தேறினார்கள். சீன மருத்துவம் ஊசிக்கென்று குறித்த புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகப் பொய்யாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காடு. நாடியும் புள்ளியும் தெரிந்தவர் குத்தினாலும் சரி, புள்ளிக்குப் புறம்பாகக் குத்தினாலும் சரி, பலன் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு எதற்குப் புள்ளிகளைக் காட்டும் அந்தச் சுவர்ப்படம், பன்னிரண்டு நாடி, ஐந்து பூதம்?

ஜெலுத்தோங் ஆசிரியர்:
மூன்றாகப் பிரித்தார்கள் என்றீர்கள், இரண்டைத்தான் சொன்னீர்கள். மூன்றாவது கூட்டம் எங்கே? நான் சொல்கிறேன். மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் தேறியவர்கள் 27.4 விழுக்காடு. பொய்யாகக் குத்திய ஊசியே உங்கள் ஆங்கில மருத்துவத்தைத் தோற்கடித்திருக்கிறது. அந்த எண் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டதோ?

தண்ணீர்மலையான்:
சிக்கவில்லை, எழுத வந்தேன். அந்த மூன்றாம் கூட்டத்தார் ஏற்கெனவே வருடக்கணக்கில் அதே மருத்துவத்தைப் பார்த்துச் சலித்தவர்கள். புதிதாக ஊசி கிடைக்கும் என்று வந்தவர்களிடம் பழைய மாத்திரையையே நீட்டினால் யாருக்கு முகம் மலரும்? அது கிடக்கட்டும். ரெஸ்டனுக்கு மருந்து ஏற்றினார்களா, இல்லையா?

கோப்பிக்கடை மூலை:
எனக்குத் தோள் இறுகியபோது ஒரு சின்சே பதினான்கு ஊசி குத்தினார். எடுக்கும்போது எண்ணியது பதின்மூன்று. நான் நேரே கடைக்குப் போய்க் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன், எதிரே இருந்த நண்பர் "உன் தலையில் ஏதோ மின்னுகிறது" என்கிறார். உச்சந்தலையில் ஓர் ஊசி ஆடிக்கொண்டு நிற்கிறது. தோள் வலி போனது உண்மை. பயத்தில் போயிருக்கும்.

வர்மக்கலை வாரிசு:
இவ்வளவு பேசுகிறீர்களே, ஒருவராவது மூலத்தைச் சொன்னீர்களா? வர்மம் நம்முடையது. காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் சீனனுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். நம் பொருளை அவன் ஊசியில் கோத்து நமக்கே விற்கிறான், நாம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு அலகு குத்திக்கொண்டு ஏறுகிறோமே, சொட்டு ரத்தம் வருகிறதா?

தண்ணீர்மலையான்:
வந்துவிட்டார். போதிதர்மர் சீனா போனதாகச் சொல்லப்படுவது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில். ஊசி மருத்துவத்தை விரித்துரைக்கும் மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூல் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொகுக்கப்பட்டது. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் நாடிகளும் மூலிகையைக் கொளுத்திச் சூடு வைக்கும் முறையும் இருக்கின்றன. பேரன் பிறந்த பிறகுதான் தாத்தா பிறந்தார் என்கிறீர்கள். வர்மம் பெரிய கலைதான், அதற்கு இந்தக் கடன் பெருமை எதற்கு?

வர்மக்கலை வாரிசு:
சீனன் எழுதிய தேதியை நம்புவீர்கள், சித்தர் சொன்னதை நம்ப மாட்டீர்கள். "தண்ணீர்மலையான்" என்று பெயர் வைத்துக்கொண்டு அலகைப் பற்றி மட்டும் பதில் இல்லை.

ஆயர் ஈத்தாம் தாதி:
சண்டைக்கு நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பினாங்குக்காரர்களே மறந்துவிட்டீர்களே, நாட்டிலேயே முதன்முதலாக அரசு மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவு தொடங்கியது நம் கெப்பாளா பத்தாஸில்தான், 2007இல். அங்கே நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிறகும் அக்குபங்சர் தருகிறார்கள், மருத்துவர் அனுப்பிவைத்தால். வெளியே போகிறவர்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ஊசியின் உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழக்கூடும். அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

ஜெலுத்தோங் ஆசிரியர்:
கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. அரசாங்கமே ஏற்றுக்கொண்டுவிட்டது!

தண்ணீர்மலையான்:
வலிக்கு, மருத்துவர் அனுப்பினால் என்றார் அம்மையார். உங்கள் பேச்சாளர் நீரிழிவு, ஆஸ்துமா, குழந்தையின்மை, ராசியில் சனி என்று எல்லாவற்றுக்கும் புள்ளி காட்டினார். ராசியை நான் சேர்த்தேன், மற்றவை அவர் சொன்னவை. பக்கத்தில் இருந்த பாட்டி "இன்சுலினை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டதற்கு அவர் "படிப்படியாக" என்றார். அப்போது உங்கள் கை எங்கே இருந்தது ஆசிரியரே? தட்டிக்கொண்டிருந்தது.

பிரிட்டனில் எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு இடுப்பு வலிக்கு 2009இல் அக்குபங்சரைப் பரிந்துரைத்தது, 2016இல் நீக்கியது, 2021இல் வேறு வகை நாள்பட்ட வலிக்கு மறுபடி சேர்த்தது. அவர்களே முடிவுக்கு வரமுடியாமல் தவிக்கிறார்கள். இங்கே ஓர் ஒலிபெருக்கி கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜெலுத்தோங் ஆசிரியர்:
"படிப்படியாக, மருத்துவரைக் கேட்டு" என்றார். அரை வாக்கியத்தை விழுங்குவது உங்களுக்குப் பழக்கம். நேற்று 27.4, இன்று இது.

தண்ணீர்மலையான்:
"மருத்துவரைக் கேட்டு" என்று சொல்லவே இல்லை. நான் மூன்றாம் வரிசை, மின்விசிறிக்குக் கீழே.

ஜெலுத்தோங் ஆசிரியர்:
அதனால்தான் காதில் விழவில்லை.

கோப்பிக்கடை மூலை:
அந்த மின்விசிறி நான் அன்பளிப்பாகக் கொடுத்தது. சத்தமே வராது.

பட்டர்வொர்த் மகள்:
தாதி அக்கா, அம்மா ரத்த அழுத்த மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார், பரவாயில்லையா? வேறு யாரும் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆயர் ஈத்தாம் தாதி:
மாத்திரையை நிறுத்த வேண்டாம், சின்சேயிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சட்டென்று எழ விடாதீர்கள், தலை சுற்றும். வெறும் வயிற்றோடு கூட்டிப் போகவும் வேண்டாம்.

வர்மக்கலை வாரிசு:
அலகுக்கு இன்னும் பதில் வரவில்லை.

தண்ணீர்மலையான்:
அலகு குத்திக்கொண்டால் மூட்டு வலி போகும் என்று முருகன் எங்கேயும் சொல்லவில்லை. ஆசிரியரே, அடுத்த ஞாயிறு அதே பேச்சாளர் மறுபடி வருகிறாராம். ரெஸ்டனின் கட்டுரையைப் படியெடுத்து வாசலில் நின்று கொடுக்கப்போகிறேன். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: கத்தி வைக்கும் முன் ஏற்றினார்களா, இல்லையா?

ஜெலுத்தோங் ஆசிரியர்:
ஏற்றியது மரப்பு ஊசி.

தண்ணீர்மலையான்:
அப்படியானால் ஏற்றினார்கள்!

ஜெலுத்தோங் ஆசிரியர்:
மயக்க மருந்து ஏற்றவில்லை.